சனிக்கிழமைச் செம்மண்

அம்பாசமுத்திரம்,
22-8-1996.

சிரஞ்சீவி சுந்தருக்கு அப்பா எழுதிக்கொண்டது.

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததும், அங்கே இப்போதே காலையில் குளிர ஆரம்பித்துவிட்டதும் உன் கடிதத்தில் கண்டேன். காதை மூடிக்கொண்டு வெளியே போ. இங்கே உன் அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. ஆற்றில் தண்ணீர் இரண்டு படி இறங்கியிருக்கிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை, உன் சைக்கிளைத் தவிர.

விமானத்தில் பெட்டியோடு பெட்டியாகக் கொண்டுவந்து, மூன்று வாரம் ஓட்டிவிட்டு, திரும்பும்போது சாமான் கூடிவிட்டது என்று விட்டுவிட்டுப் போனாயே, அந்தக் கியர் சைக்கிளுக்கு நான் பாகனாகிவிட்டேன். ஸ்டாண்டு கிடையாது. மட்கார்டு, செயின்கவர், பெல் எதுவும் கிடையாது. இத்தனையும் இல்லாத வண்டியை மலையில் ஓட்டுகிற வண்டி என்று விற்கிறான், நீயும் வாங்கியிருக்கிறாய். ஒரு நாள் ஓட்டிப் பார்ப்போம் என்று ஏறினேன். செயின்கவர் இல்லாததால் வேட்டி பல்சக்கரத்தில் மாட்டி, கோயில் தெருத் திருப்பத்தில் வெள்ளரிக்காய்க் கூடைமேல் சாய்ந்தேன். அந்த அம்மாள் என் முழங்காலைப் பார்க்காமல் வெள்ளரிக்காயை எண்ணினாள்.

அதன் டியூப் வாய் நம்மூர் சைக்கிள் மாதிரி இல்லை, லாரி டயரின் வாய் மாதிரி இருக்கிறது. வீட்டுப் பம்பு பொருந்தவில்லை. பெட்ரோல் பங்குக்கு உருட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்தவன் லாரிக்கு அடிப்பதுபோல் அடித்தான். வெடித்த சத்தத்தில் பக்கத்தில் நின்ற வில்வண்டி மாடு மிரண்டது. நீ வைத்துவிட்டுப் போன மாற்று டியூபை நானே போட்டேன். ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துத்தான் செய்தேன். பன்னிரண்டு பக்கம் படித்துவிட்டேன். மிச்சமெல்லாம் பொது அறிவுதான்.

அசன் மைதீன் சைக்கிள் கடையில் விட்டால் ஐந்து நிமிஷ வேலை என்று உன் அம்மா சொல்கிறாள். அந்தக் கடை வாசலை நான் மிதித்துப் பதினாறு வருஷம் ஆகிறது. மூத்தவள் பத்தாவது படிக்கையில், அவர் புதுப் பிரேக் போட்டுக் கொடுத்த வாரமே, சரஸ்வதி பூஜை கழிந்த மறுநாள், பாலத்துச் சரிவில் பிரேக் பிடிக்காமல் விழுந்து நெற்றியில் ஆறு தையல் போட்டது உனக்கு நினைவிருக்கும். பழைய பிரேக் கட்டையை மாட்டிப் புதிது என்று ஏமாற்றியிருக்கிறார் என்று கடைத்தெருவிலேயே கேட்டேன். அன்றிலிருந்து நம் வீட்டுச் சைக்கிளுக்கு நான்தான் மெக்கானிக். மூத்தவள் என்று எழுத நேர்ந்ததால் எழுதினேன். அவளைப் பற்றி வேறொன்றும் எழுதப்போவதில்லை, நீயும் கேட்க வேண்டாம். நம்மவர் அல்லாத ஒருவன் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினவள். அவளைப் பார்க்கப் போகிறவர் என் படி ஏற வேண்டாம் என்று ஆறு வருஷம் முன்பு சொன்னது இன்றைக்கும் சொன்னதுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை மகேஷ் கல்லிடைக்குறிச்சி பாங்குக்கு மாற்றலாகி வந்து, அவரும் உன் தங்கை ராஜியும் நம் மாடியில் இருப்பது எனக்குச் சந்தோஷம்தான். அவர் உன் சைக்கிளில் பாங்குக்குப் போகிறார். போகட்டும். ஆனால் கைப்பிடியில் ஒரு சிறு பெட்டி, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று காட்டுகிறதே, அதைப் பார்த்தாயா? பாங்குக்குப் போய்வர ஆறு கிலோமீட்டர். திங்கள் முதல் வெள்ளி வரை ஆறுதான் காட்டுகிறது. சனிக்கிழமை, அரை நாள் வேலையன்று, ஐம்பது காட்டுகிறது. கேட்டால் நிலுவை வேலை இருந்தது என்கிறார்.

மட்கார்டு இல்லாத வண்டி பொய் சொல்லாது. சக்கரம் வாரியடிக்கிற மண் சட்டை முதுகில் கோடாக ஏறிவிடும். போன சனிக்கிழமை அவர் முதுகில் இருந்தது செம்மண். நம் ஊரிலும் கல்லிடைக்குறிச்சியிலும் செம்மண் எங்கே இருக்கிறது? அன்று ஊரில் தூறல்கூடக் கிடையாது. நான் முப்பது வருஷம் பத்திர ஆபீசில் கைநாட்டைப் பார்த்து ஆளைச் சொன்னவன். சார்பதிவாளன் முன்னால் நின்று யாரும் லேசில் பொய் சொல்லிவிட முடியாது.

இன்னொன்று. செயின் துடைக்க என் பழைய மயில்கண் கரை வேட்டி இரண்டை எடுத்து வைத்திருந்தேன். இரண்டையும் காணோம். வேலைக்கு வரும் இசக்கியம்மாமேல் எனக்குச் சந்தேகம். உன் அம்மா, கிழிசல் வேட்டிய எவ திருடுவா என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். என் இரண்டு பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர நான் சுவாமியிடம் வேறு கேட்பதில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா,
நமச்சிவாயம்.


அம்பாசமுத்திரம்,
29-9-1996.

சிரஞ்சீவி சுந்தருக்கு,

உன் கடிதம் வந்தது. நான் மூன்று பக்கம் எழுதியதற்கு, “மாப்பிள்ளை ஓட்டட்டும் அப்பா, சைக்கிள் ஓடத்தானே இருக்கிறது” என்று ஒரே வரியில் பதில் எழுதியிருக்கிறாய். செம்மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உனக்கு ஏதாவது தெரியுமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அமெரிக்காவில் இருக்கிறவனுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

இந்தக் கடிதத்தை நானே தபால் ஆபீசில் கொண்டுபோய்ப் போடுகிறேன். போனில் பேசலாம்தான். தாணுமாலையன் பூத்தில் கண்ணாடிக் கதவைச் சாத்தினாலும் அவன் காது உள்ளேதான் இருக்கும்.

சைக்கிளைத் தினமும் தலைகீழாக நிறுத்தித் துடைக்கிறேன். கைப்பிடியும் சீட்டும் தரையில் ஊன்றி நிற்கும். மண்ணெண்ணெயில் நனைத்த பல்துலக்கும் பிரஷால் பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தால் எங்கே போய்வந்தது என்று அதுவே சொல்லிவிடும். ஒரு வாரம் காய்ந்த தேக்கிலைத் துணுக்கு. இன்னொரு வாரம் டயரில் ஒரு முள். நம் பக்கத்து உடைமுள் நீளமாக வெள்ளையாக இருக்கும். இது கறுத்து வளைந்து கொக்கிபோல் இருந்தது. அதை ஒரு தாளில் மடித்துத் தேதி போட்டு வைத்திருக்கிறேன். அடுப்படியில் ஒரு சீசா மலைத்தேன் வந்திருக்கிறது. தெருவில் விற்றுக்கொண்டு வந்தான் என்கிறாள் உன் அம்மா. நாள் முழுக்க வாசலில் இருக்கிற என் கண்ணில் படாமல் எந்தத் தேன்காரன் வந்தான்?

இதற்குமேல் எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? போன சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளையின் பை சைக்கிள் பக்கத்தில் இருந்தது. பார்க்கக் கூடாதுதான். பார்த்தேன். உள்ளே ஒரு சீசா கிரைப்வாட்டர், குழந்தைகளுக்குப் போடும் கறுப்பு வளையல் இரண்டு, வசம்பு. உன் தங்கைக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். இன்னும் ஒரு புழு பூச்சி இல்லை. இந்த வீட்டில் கிரைப்வாட்டர் யாருக்கு?

சும்மா இருக்க முடியவில்லை. மதியம் அவர் வருவதற்கு முன்னால் கிளம்பி, பாபநாசம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன். விக்கிரமசிங்கபுரம் தாண்டியதும் பஸ் அவரை முந்தியது. குனிந்துகொண்டேன். பாபநாசத்தில் இறங்கிக் கோயில் பக்கம் நின்றேன். கால்மணி நேரத்தில் வந்தார். கோயில் பக்கம் திரும்பவே இல்லை. நேரே சோதனைச் சாவடிக்குப் போனார். அங்கிருந்த காவலர் சிரித்துக் கையைத் தூக்கினார், தினம் பார்க்கிற ஆளைப் பார்த்த மாதிரி. மாப்பிள்ளை கியரை மாற்றிக்கொண்டு மலைச் சாலையில் ஏறிவிட்டார். அப்போதைக்கு மேலே போக பஸ் இல்லை. என் முழங்கால் இருக்கும் லட்சணத்துக்கு நடக்கவும் முடியாது. அப்படியே திரும்பி வந்தேன்.

ராஜியிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். மாப்பிள்ளை சனிக்கிழமைகளில் எங்கே போகிறார் என்று உனக்குத் தெரியுமா என்றேன். “அவரு எங்கிட்ட சொல்லிட்டுத்தாம்ப்பா போறாரு” என்று சொல்லிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போய்விட்டாள். பாவம், அவளிடம் என்ன கதையை அளந்தாரோ. உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, பதறவில்லை. “ஏங்க, உங்களுக்கு வேற சோலி இல்லையா? அந்தப் பிள்ள வேகாத வெயில்ல மிதிச்சிட்டு வருது. ஒரு செம்பு மோரு குடுக்கணும்னு தோணுதா உங்களுக்கு?” என்று என்னைத்தான் திட்டினாள். பெற்ற மகளின் வாழ்க்கை பறிபோகும்போது மோரைப் பற்றிப் பேசுகிற தாயை நான் பார்த்ததில்லை.

மாப்பிள்ளையிடமே நேரில் கேட்டுவிடலாம். கேட்டு, அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் ராஜியின் கதி? ஒரு மகளைத்தான் ஏற்கெனவே தொலைத்துவிட்டேனே. இதுவும் போனால் நான் தாங்கமாட்டேன் சுந்தர். ராதாபுரத்தில் இருக்கும் சம்பந்தியிடம் போய் முறையாகச் சொல்வது என்று நினைத்திருக்கிறேன். பூஜை கழியட்டும். உன் யோசனையை உடனே எழுது. இந்தத் தடவை ஒரு வரியில் எழுதாதே.

ஆசிகளுடன்,
அப்பா.


அம்பாசமுத்திரம்,
21-10-1996.

சிரஞ்சீவி சுந்தருக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. நேற்று ஆயுத பூஜை நல்லபடியாக நடந்தது. கத்தி, அரிவாள்மணை, உன் அம்மாவின் தையல் மிஷின், என் பழைய ஆபீஸ் பேனா எல்லாவற்றுக்கும் நடுவில் உன் சைக்கிள்தான் மாப்பிள்ளை மாதிரி நின்றது. மாப்பிள்ளை என்ற வார்த்தையை எழுதவே இப்போது கசக்கிறது. ஆனாலும் வண்டி என்ன பாவம் செய்தது?

காலை ஆறு மணிக்கு உட்கார்ந்து பத்து மணிக்கு எழுந்தேன். மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, பிறகு எப்போதும் பூஜைக்குச் செய்வதுபோல் தேங்காயெண்ணெயில் துணியை நனைத்து ஒவ்வொரு கம்பியாக, சக்கர வளையம் முழுக்க, இரண்டு பக்கமும் தேய்த்தேன். வளையத்தில் என் முகம் தெரிந்தது. பிரேக் பிடித்தால் கீச்சென்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அந்தக் கட்டைகளுக்கும் இரண்டு சொட்டு விட்டேன். சத்தம் போன இடம் தெரியவில்லை. சந்தனம், குங்குமம் வைத்து, கைப்பிடியில் கதம்பம் சுற்றி, எலுமிச்சம்பழம் கட்டினேன். அமெரிக்காவில் உன் சைக்கிளுக்கு யார் இதெல்லாம் செய்வார்கள்?

மாப்பிள்ளை பார்த்துவிட்டு, “மாமா, புது வண்டி மாதிரி ஆக்கிட்டீங்களே” என்றார். கண்ணில் நிஜமான சந்தோஷம் தெரிந்தது. நடிப்பு இவ்வளவு நன்றாக வருமா என்று ஆச்சரியப்பட்டேன்.

இன்று காலை முதல் மழை. விஜயதசமி என்று பாங்கு லீவு, நாளை அவர் பஸ்ஸில்தான் போக வேண்டும். வாரம் முழுக்க இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை, 27ஆம் தேதி, நான் ராதாபுரம் போகிறேன். உன் அம்மாவுக்குத் தெரியாது. சம்பந்தியிடம் சொல்ல வேண்டியதை மனதில் வரிசையாக வைத்திருக்கிறேன். முள் மடித்த தாளையும் எடுத்துப் போகிறேன்.

ராஜிக்காக வேண்டிக்கொள்.

அப்பா.


அம்பாசமுத்திரம்,
6-11-1996.

என் அருமை சுந்தருக்கு,

மாப்பிள்ளை கீழே விழுந்ததும், உயிருக்கு ஒன்றுமில்லை என்பதும் ராஜி போனில் சொல்லி உனக்குத் தெரியும். இடது முழங்கை முறிந்திருக்கிறது. தோளெலும்பில் கீறல். ஆறு வாரம் கட்டு. முகத்தில் சிராய்ப்பு ஆறிவருகிறது. ராஜி உன்னிடம் சொல்லாமல் விட்டதை நான் எழுதுகிறேன். வேறு யாராவது எழுதினால் என்னைக் காப்பாற்றி எழுதுவார்கள். அது வேண்டாம்.

26ஆம் தேதி சனிக்கிழமை மழை விட்டிருந்தது. மாப்பிள்ளை சைக்கிளை எடுத்தார். சமதரையில் பிரேக்குக்கு வேலையில்லை, ஏற்றத்தில் அதைவிட இல்லை. சாயங்காலம் இறங்கும்போது இரண்டாவது வளைவில் பிடித்திருக்கிறார். கட்டை சக்கரத்தில் வழுக்கிக்கொண்டே போயிருக்கிறது. கல்சுவரில் மோதி விழுந்துவிட்டார். அந்தச் சுவர் இல்லையென்றால் அந்தப் பக்கம் பள்ளம். அதை நினைக்காமல் இந்தப் பத்து நாளில் ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

தாணுமாலையன் பூத்துக்குப் போன் வந்து, நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஓடும்போது என் மனதில் இருந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. இன்றைக்கு அந்தப் பெண் யாரென்று தெரிந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

வராந்தா பெஞ்சில் ஒருத்தி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். உன் அம்மாவும் ராஜியும் உள்ளே ஓடிவிட்டார்கள். நான் ஓடவில்லை. இவள்தான் என்று அவளுக்குப் பின்னால் போய் நின்று, “ஒரு குடும்பத்தக் கெடுத்துட்டு இங்கன வந்து உக்காந்திருக்கியே, உனக்கு வெக்கமா இல்லையா?” என்று கேட்டேன். அவள் திரும்பினாள். நான் முதலில் பார்த்தது நெற்றித் தழும்பை. ஆறு தையல்.

சங்கரி. பெயரை எழுதிவிட்டேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

குழந்தை சிணுங்கியது. அதைச் சுற்றியிருந்த துணியில் மயில்கண் கரை. என் வேட்டி. கிழிந்த வேட்டியின் மெத்து வேறு எந்தத் துணிக்கும் வராது என்று உன் அம்மா ஏணைத் தொட்டிலுக்கும் துணிக்குமாக வெட்டிக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். இரண்டு மாதம் நான் இசக்கியம்மாவைத் திருடி என்று நினைத்து, அவள் கூடையை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சங்கரியின் வீட்டுக்காரருக்கு ஜூன் மாதம் மேலணைக்கு மாற்றலாகியிருக்கிறது. மின்வாரியக் குடியிருப்பில் இருக்கிறார்கள். ஜூலையில் பிரசவம். பெண் குழந்தை. பஸ்ஸில் போனால் ஊர்க்காரர் யாராவது பார்த்து என் காதில் போடுவார்கள் என்று, மாப்பிள்ளை இருபத்தைந்து கிலோமீட்டர் மிதித்து, மலையேறிப் போய், தாய் கொடுத்த பிரசவ மருந்தும் தங்கை தைத்த சட்டையும் சேர்த்திருக்கிறார். என் மகளுக்கு நான் செய்யாததைச் செய்துவிட்டு வந்த மனுஷனின் முதுகில் மண் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஜீப்பில் சைக்கிள் ஆஸ்பத்திரிக்கு வந்தது. முன்சக்கரம் முறுக்கு மாதிரி வளைந்திருந்தது. சங்கரியின் வீட்டுக்காரர் பேச்சிமுத்து வளையத்தில் விரலை வைத்து முகர்ந்து பார்த்தார். தேங்காயெண்ணெய் வாடை வருது என்று மெதுவாகத்தான் சொன்னார். குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. ராஜி என்னைப் பார்த்தாள். நான் மாப்பிள்ளையைப் பின்தொடர்ந்ததும், என் மனதில் என்ன நினைத்தேன் என்பதும் அதற்குள் உன் அம்மா சொல்லி அவளுக்குத் தெரிந்திருந்தது. எல்லோர் முன்னாலும், “அப்பா, வேணும்னே செஞ்சியளா?” என்று கேட்டாள்.

நான் இல்லை என்றேன். என் காதுக்கே அது நம்பும்படி இல்லை. முப்பது வருஷம் எதிரில் வந்து நின்றவனிடமெல்லாம் சாட்சி கேட்டேன். அன்று எனக்கென்று சொல்ல ஒரு சாட்சி கிடையாது. பூஜையன்று நான் எண்ணெய் தேய்த்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். எதற்குத் தேய்த்தேன் என்று எவரால் சொல்ல முடியும்?

சங்கரிதான் பேசினாள். என்னிடம் இல்லை, தங்கையிடம். “ஏட்டி, வாய மூடு. அப்பாவுக்குச் சந்தேகப்படத்தான் தெரியும். கெடுதல் செய்யத் தெரியாது” என்றாள். பிறகு நெற்றியைத் தொட்டுக்கொண்டு, “என் சைக்கிளுக்கும் இப்படித்தான் வருஷா வருஷம் தேப்பாவ. நான் பாலத்துல விழுந்ததும் பூஜை கழிஞ்ச மறுநாள்தானே” என்றாள். சொல்லிவிட்டு அவளே வளையத்தைத் திரும்பப் பார்த்தாள். அவளுக்கும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து உன் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தேன். பதினான்காம் பக்கத்தில், சக்கர வளையத்திலும் பிரேக் கட்டையிலும் எந்த எண்ணெயும் படக்கூடாது என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. நான் பன்னிரண்டோடு நிறுத்தியவன்.

அன்றைக்கே சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அசன் மைதீன் கடைக்குப் போனேன். தாடி முழுக்க நரைத்துவிட்டது. வண்டியைக் கையில் வாங்கினார். நான் நடந்ததைச் சொன்னேன், பதினாறு வருஷத்துக்கு முன்னால் நடந்ததையும் சேர்த்து. “அண்ணாச்சி, நான் அன்னைக்கே சொன்னேன், வளையத்துல எண்ணெய் இருக்குன்னு. கடைத்தெருவுல நீங்க போட்ட சத்தத்துல அது உங்க காதுல விழல” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். டீ வாங்கிக் கொடுத்ததோடு சரி. குடித்தார். பிறகு சோப்புத் தண்ணீரில் வளையத்தை எப்படிக் கழுவ வேண்டும், கட்டையை உப்புத்தாளில் எப்படித் தேய்க்க வேண்டும் என்று பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினார். சக்கரத்தை இரண்டு நாளில் நிமிர்த்திக் கொடுத்தார்.

ராதாபுரம் சம்பந்தி மகனைப் பார்க்க வந்திருந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, உங்கள் வீட்டில் இருப்பதால் கவலையில்லை என்றார். நான் தலையை ஆட்டினேன். முள் மடித்த தாள் அப்போதும் என் சட்டைப்பையில் இருந்தது.

மாப்பிள்ளைக்கு இப்போது நான்தான் மோர் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ராஜி என்னிடம் பேசுகிறாள், முன்போல் இல்லை. அது வரும்போது வரட்டும்.

சாமான் கூடிவிட்டது என்று சைக்கிளை விட்டுவிட்டுப் போனாயே, அது பொய் என்று இப்போது தெரிகிறது. மலையில் ஏறுகிற வண்டியை அக்காளுக்காகத்தான் கொண்டுவந்திருக்கிறாய். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. முதலில் கோபம் வந்தது. என்னிடம் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். கோபம் போய்விட்டது.

சங்கரி இரண்டு நாள் இங்கே இருந்தாள், ஆஸ்பத்திரியில்தான். நம் வீட்டுக்கு வரவில்லை. யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டியவன் நான்தானே. கிளம்பும்போது பக்கத்தில் போய் நின்றேன். எவ்வளவோ சொல்ல நினைத்து, பஸ்ஸுக்கு நேரமாச்சா என்று கேட்டேன். “ஜீப்பு நிக்கி” என்றாள். போய்விட்டாள். குழந்தையின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. உன் அம்மாவிடம் கேட்கலாம். ஆனால் அதைச் சங்கரி வாயால்தான் கேட்க வேண்டும்.

நானாக நாள் பார்த்துப் போகலாம் என்று இருந்தால், தீபாவளி கழியட்டும், அமாவாசை கழியட்டும் என்று தள்ளிக்கொண்டே போய்விடும். என்னை எனக்குத் தெரியும். அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ அவளுக்குக் கடிதம் எழுதுவது உண்டென்று இப்போது தெரியும். அப்பா வந்து பார்க்கலாமா என்று கேட்டு எழுது. நானே எழுதலாம், எழுதவும் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்ன வார்த்தைக்கு மேல் எதை எழுதினாலும் அதுதான் முதல் வரியாக நிற்கிறது. அவள் வேண்டாம் என்று சொன்னால் காரணம் கேட்கமாட்டேன். வா என்று சொன்னால், நிஜமாகத்தான் சொல்கிறாளா என்றும் கேட்கமாட்டேன்.

உனக்கும், ராஜிக்கும், மாப்பிள்ளைக்கும், சங்கரிக்கும், பேச்சிமுத்துவுக்கும், பெயர் தெரியாத என் பேத்திக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும்.

உன் அப்பா,
நமச்சிவாயம்.

பி.கு.: பாபநாசம் வரை பஸ்ஸில் சைக்கிளை மேலே போட்டுக்கொண்டு போகலாமாம், அசன் மைதீன் சொன்னார். அதற்கு மேல் ஏற்றத்தில் எந்தக் கியரில் போட வேண்டும் என்று விவரமாக எழுது. முடியாத இடத்தில் உருட்டிக்கொள்கிறேன். உன் பதில் வர இருபது நாள் ஆகும். அதுவரை வேட்டியை மடித்துக் கட்டி, தினமும் காலையில் ஆற்றுப்பாலம் வரை ஓட்டிப் பழகுகிறேன். சரிவில் பிடித்துப் பார்த்தேன். கீச்சென்று சத்தம் வருகிறது. பிடிக்கிறது.